எதிர்க்கட்சிக்கு ஒரு நாற்காலி

"குடையை விரிச்சுத்தாங்க காய வைக்கணும், இல்லைன்னா..."

"விரிச்சு வச்சா கம்பி வளைஞ்சிடும். உங்களுக்கு யாரு சொன்னது..."

"கம்பி எப்படிம்மா வளையும்? மழையில விரிச்சுத்தானே பிடிச்சிட்டுப் போறீங்க? அப்ப வளையாத கம்பி..."

"நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க! எங்க வீட்டுல அம்மா காலத்துலேர்ந்து மடிச்சு, தலைகீழா மாட்டித்தான் காய வைப்போம்!"

"அதான் துரு! இப்ப கையில வச்சிருக்கீங்களே, அதோட நுனியைப் பாருங்க. துரு இருக்கா, இல்லையா?"

ஒலிபெருக்கியில் குடைத் துணி சரசரத்தது.

"இருக்கு. ஆனா..."

"ஆங்! இப்ப ஆனாவாம்!"

"ஆனா, அது வாங்கும்போதே இருந்துதுங்க!"

"துருப்பிடிச்ச குடையைக் காசு கொடுத்து வாங்கினீங்களா? சரியாப் போச்சு போங்க!"

பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம், ஆறிப்போன காபி டம்ளரைக் கையில் பிடித்தபடி சின்ன மேடம் நின்றுகொண்டிருந்தாள். குடிக்கத்தான் எடுத்தாள். எடுத்ததையே மறந்துவிட்டாள்.

குடைக்காரப் பெண்மணி பேசிக்கொண்டிருந்தது வீட்டிலிருந்தோ கடையிலிருந்தோ அல்ல. ஒரு பழைய குடியிருப்பில், மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள்ளிருந்து. மணிப் பொத்தானை அமுக்கிய கையோடு, "கதவைத் திறங்க, மூச்சு முட்டுது, குடைக் கம்பியால நெம்பப் போறேன்" என்று அலறியவள்தான் அவள். அதற்கு போனின் இந்த முனையில் உட்கார்ந்திருந்த மனிதர் பயப்படாதீங்க என்று சொல்லவில்லை. பதறாதீங்க என்றும் சொல்லவில்லை. "குடை நனைஞ்சிருக்கா? எப்படிக் காய வைப்பீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது சண்டை.

லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனி அது. கீழ்த்தளத்தில் மேசைகள், உதிரிச் சாமான்கள், மெக்கானிக்குகளின் அழுக்குப் பைகள். நான்காவது மாடியில் முதலாளியின் அறை. கம்பெனிக்கு ஆள் எடுப்பதும், எடுத்த ஆளை ஓடிப்போகாமல் பார்த்துக்கொள்வதும் சின்ன மேடத்தின் வேலை. முதலாளி அவளுடைய அக்காவின் கணவர். அதனால்தான் அவள் 'சின்ன' மேடம். ஆபீசில் அவரை "சார்" என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். கோபம் வந்தால் மட்டும் அவளுக்கு அந்தச் சட்டம் மறந்துபோய், "அத்தான்" என்று வாயில் வந்துவிடும். மெக்கானிக்குகள் அதை வைத்தே மேலே மழையா வெயிலா என்று தெரிந்துகொள்வார்கள்.

அந்த ஆபீசில் சிவப்பு போன் ஒன்று உண்டு. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும், உள்ளே மாட்டிக்கொண்டவர் மணிப் பொத்தானை அமுக்கினால் இந்த போன்தான் அடிக்கும். நின்ற லிஃப்டில் காற்று தீர்ந்து யாரும் சாவதில்லை. அதற்கு ஓட்டைகள் விட்டிருக்கிறார்கள். ஆபத்து கதவில்தான் இருக்கிறது. பயந்தவர்கள் கதவை நெம்பித் திறந்து, இரண்டு மாடிக்கு நடுவிலிருந்து குதிக்கப் பார்ப்பார்கள். மெக்கானிக் போய், மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கைக் கையால் தளர்த்தி, பெட்டியை மாடிக்கு நேராக இறக்கி, முக்கோணச் சாவி போட்டுத் திறக்கும்வரை அவர்கள் கதவில் கை வைக்கக் கூடாது. அதுவரை பேசிக்கொண்டிருப்பதற்குத்தான் சிவப்பு போனுக்கு முன்னால் ஒரு நாற்காலி.

அந்த நாற்காலியில்தான் யாருமே தங்கவில்லை. ஒரு பெண் சேர்ந்த சில வாரத்தில், தன் வீட்டு லிஃப்டிலேயே ஏறப் பயமாயிருக்கிறது என்று நின்றுவிட்டாள். அடுத்து வந்த பையன், அழுகிறவர்களோடு சேர்ந்து தானும் அழுதான். அதற்கடுத்து வந்தவரோ நிமிஷத்துக்கொரு தரம் "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிச் சொல்லியே, என்னென்ன ஆகலாம் என்று உள்ளே இருந்தவர்களை யோசிக்க வைத்துவிட்டார். மூன்று பேரையும் பொறுக்கி எடுத்தது சின்ன மேடம்தான்.

"மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன்," என்று அத்தான் சொல்லியிருந்தார். "நிலைக்கிற ஆளா ஒருத்தர் அந்த நாற்காலியில உட்காரலைன்னா, ஆள் எடுக்கிற வேலையை வெளி ஏஜென்சிகிட்ட கொடுத்துடுவேன். நீ பேசாம ஸ்டோர்ஸைப் பார்த்துக்க."

ஸ்டோர்ஸ் என்பது கிரீஸ் வாடை அடிக்கும் ஜன்னலில்லாத அறை. கம்பி வடங்களும் பல்சக்கரங்களும் அடுக்கியிருக்கும். சின்ன மேடத்துக்கு மனிதர்களைப் பார்க்க வேண்டும். ஒருத்தர் ஏன் இப்படி உட்காருகிறார், அந்தக் கேள்விக்கு ஏன் கண்ணைத் தாழ்த்துகிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தால் அவளுக்குச் சாப்பாடு கூட வேண்டாம். பல்சக்கரத்திடம் போய் என்னத்தைக் கேட்பது?

அந்த நேரத்தில்தான் இந்த மனிதர் நேர்காணலுக்கு வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். தேய்த்த சட்டை, மேல் பொத்தான் வரை போட்டிருந்தார்.

"இதுக்கு முன்னாடி எங்கே வேலை பார்த்தீங்க?"

"செருப்புக் கடையில."

"ஏன் விட்டீங்க?"

"நான் விடலைங்க. அவங்கதான் விட்டாங்க."

"என்ன காரணம்?"

"ஒரு அம்மாவுக்கு இடது கால் பெருசு, வலது கால் சின்னது. முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான் இருக்கும். அதைச் சொன்னேன்."

"சொன்னதுக்கா வேலையை விட்டு அனுப்பிட்டாங்க?"

"அளந்தும் காட்டினேன்."

சின்ன மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அதுக்கு முன்னாடி?"

"நூலகத்துல."

"அங்கே என்ன ஆச்சு?"

"அமைதியா இருக்கச் சொன்னாங்க."

"சரி. யாரோ ஒருத்தர் ஒரு லிஃப்டுல மாட்டிக்கிட்டுப் பயந்துபோய்க் கூப்பிடறாங்கன்னு வைங்க. என்ன பேசுவீங்க?"

"எந்த லிஃப்டு?"

"ஏதோ ஒரு லிஃப்டுங்க."

"ஏதோ ஒரு லிஃப்டுல யாரும் மாட்ட முடியாது மேடம். ஏதாவது ஒரு குறிப்பிட்ட லிஃப்டுலதான் மாட்டுவாங்க."

இந்த வாயை அந்த போனுக்கு முன்னால் உட்கார வைத்தால், உள்ளே இருப்பவர் குதித்தே விடுவார் என்று அவளுக்குத் தோன்றியது. ஆளைக் கழித்துவிட்டாள். அதை முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? எல்லோரும் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"ரொம்ப நல்லதுங்க. போயிட்டு வாங்க."

மறுநாள் சின்ன மேடம் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, கன்னத்தில் கை வைத்தபடி தாமதமாக வந்தாள். வந்தால், நாற்காலியில் அந்த மனிதர். சிவப்பு போன் காதில். சாதாரணப் புகார்களை எடுக்கும் பெண், 'குயில்' என்று எல்லோரும் கூப்பிடுகிற பெண், சிரித்துக்கொண்டே சொன்னாள்: "மேடம், நீங்க அனுப்பின ஆளு கரெக்டா நேரத்துக்கு வந்துட்டார்!"

"நான் அனுப்பினேனா?"

பெரிய மெக்கானிக் பையை மாட்டிக்கொண்டே எட்டிப்பார்த்தார். அவருக்கு 'ஸ்பேனர் அண்ணன்' என்று பேர். "நீங்க இல்லையா? அப்ப முதலாளி அனுப்பியிருப்பார்னு நினைச்சு நானே போனைக் காட்டிக் கொடுத்துட்டேனே!"

அவள் பொங்கிக்கொண்டு அந்த மனிதரிடம் போனாள். "யாருங்க உங்களை இங்கே உட்காரச் சொன்னது?"

அவர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். லைனில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். நின்ற லிஃப்டில் ஒரு மனிதன் இருக்கும்போது போனைப் பிடுங்க முடியுமா? பல்லில்லாத குழியைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். பேச்சு முடிந்தது.

"இப்ப சொல்லுங்க. எப்படி வந்தீங்க?"

"நீங்கதானே மேடம், போயிட்டு வாங்கன்னீங்க. போனேன். வந்துட்டேன்."

"ஐயோ, அது எல்லார்கிட்டேயும் சொல்றதுங்க!"

"எல்லார்கிட்டேயுமா? அப்ப எல்லாரும் வந்திருக்கணுமே. ஏன் நான் மட்டும் வந்திருக்கேன்?"

முகத்தைப் பார்த்தாள். கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. விவரமில்லாமல் கேட்கிறாரா, விவரமாகக் கேட்கிறாரா? இத்தனை வருஷம் முகம் பார்த்தே பிழைத்தவளுக்கு அது பிடிபடவில்லை. வேறு யாராக இருந்தாலும் அப்போதே கையைப் பிடித்து வெளியே விட்டிருப்பார்கள். சின்ன மேடத்துக்கு மனசுக்குள் ஓர் அரிப்பு கிளம்பிவிட்டது. அதற்குள் போன் மறுபடி அடித்தது.

அப்படியே ஒரு வாரம் ஓடிவிட்டது. ஆபீஸ் அவருக்கு 'எதிர்க்கட்சி' என்று பேர் வைத்தது.

குடைச் சண்டை நடந்த அன்று ஸ்பேனர் அண்ணன்தான் அந்த லிஃப்டைத் திறக்கப் போயிருந்தார். அவர் திரும்பி வந்ததும் வராததுமாகச் சின்ன மேடம் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, கதவைத் திறந்தப்போ அந்தம்மா எப்படி இருந்தாங்க?"

"அதை ஏன் கேக்கறீங்க? இத்தனை வருஷத்துல கதவைத் திறந்தா சில பேர் அழுவாங்க, சில பேர் திட்டுவாங்க. ஒரு ஆளு என்னைக் கட்டிப்பிடிச்சு முத்தமே கொடுத்திருக்கான். இந்தம்மா வெளியே கால் வைக்கும்போதே குடையை என் மூஞ்சிக்கு நேரா நீட்டி, 'நீங்க சொல்லுங்க, விரிச்சா, மடிச்சா'ன்னு கேக்கறாங்க."

"கதவு?"

"அதான் மேடம் ஆச்சரியம். ஒரு கீறல் இல்லை. இந்த ஒரு வாரமா எந்தக் கதவுலேயும் கீறல் இல்லை."

"எப்படிண்ணே?"

"நம்ம எதிர்க்கட்சிகிட்ட ஜெயிக்கிற மும்முரத்துல கதவு ஞாபகமே வர்றதில்லை போல. நேத்து ஒருத்தர், நான் திறந்ததுக்கப்புறமும் வெளியே வர மாட்டேங்கறார். 'இருங்க, இதை முடிச்சிட்டு வரேன்'ங்கறார்!"

சின்ன மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிர்க்கட்சியின் எதிரே உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேட்கவா? மாட்டிக்கிட்டவங்ககிட்ட ஏன் சண்டை போடறீங்க?"

"நானா? நான் எங்கே மேடம் சண்டை போட்டேன்?"

"குடை?"

"அது சண்டையா? அவங்க தப்பாச் சொன்னாங்க. நான் சரியானதைச் சொன்னேன்."

"நேத்து அந்த ஆளுகிட்ட, முதல்ல சாக்ஸ் போடணுமா, பேண்ட் போடணுமான்னு..."

"நீங்களே சொல்லுங்க, முதல்ல சாக்ஸ் போட்டா..."

"நான் அதுக்கு வரலை!" என்று கையைத் தூக்கித் தடுத்தாள். ஆனால், முதலில் பேண்ட்தான் என்று வாய் வரை வந்துவிட்டதை அவள் கவனித்தாள். உட்கார்ந்து ஒரு நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் தன்னையும் இழுக்கிறாரே!

"இல்லை, அவங்க பயத்தை மறக்கணும்னுதான் அப்படிப் பேசறீங்களா?"

அவர் புருவத்தைத் தூக்கினார். "பயமா? அதை நான் கேட்கவே இல்லையே. அவங்க பயப்படறாங்களா என்ன?"

அவருக்கே தெரியாது! சின்ன மேடத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரிந்து செய்கிறவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தெரியாமலே செய்கிறவரிடம் எதைக் கேட்பது? ஆனாலும் அவள் விடாக்கண்டி. அந்தச் சூட்சுமத்தைத் தானே பிரித்தெடுத்து, இன்னொருவருக்குக் கற்றுக் கொடுத்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. எதிர்க்கட்சி சாப்பிடப் போன நேரம் பார்த்துக் குயிலைச் சிவப்பு போனில் உட்கார வைத்தாள்.

"அவங்க என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசு. விட்டுக் கொடுக்காதே."

"மேடம், எனக்கு வராது மேடம்."

"வரும். உங்க வீட்டுக்காரரை நினைச்சுக்க."

போன் அடித்தது. ஒரு பெரியவர். ஆஸ்பத்திரி லிஃப்டில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, லிஃப்ட் நின்னுடுச்சும்மா."

"நிக்கலை சார்!" என்றாள் குயில், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

"நின்னுடுச்சும்மா. அசையலையே."

"அது... உங்க கருத்து சார். என் கருத்து வேற சார்."

"என்னம்மா சொல்றே?"

"சாரி சார். தப்பா நினைச்சுக்காதீங்க சார். எனக்கு இப்படியெல்லாம் பேசிப் பழக்கமில்லை சார்." குயில் பொலபொலவென்று அழத் தொடங்கினாள். லிஃப்டுக்குள்ளிருந்த பெரியவர், கதவு திறக்கும்வரை அவளைத் தேற்றிக்கொண்டிருந்தார். "அழாதேம்மா. புது வேலைன்னா அப்படித்தான் இருக்கும். தண்ணி குடிச்சியா?"

ஸ்பேனர் அண்ணன் பக்கத்து மேசையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார்.

அதோடு சின்ன மேடம் ஒன்றைப் புரிந்துகொண்டாள். இது கற்றுக் கொடுத்து வருகிற சரக்கு இல்லை. அந்த மனிதரோடு வந்தது, அந்த மனிதரோடுதான் போகும். செருப்புக் கடைக்கும் நூலகத்துக்கும் ஆகாத அதே வாய், இந்த ஒரே நாற்காலிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. இதை அத்தானிடம் எப்படிச் சொல்வது என்று அவள் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோதே, மேலேயிருந்து கூப்பாடு வந்துவிட்டது.

அவள் லிஃப்டில் ஏறிப் போனாள். அத்தான் அப்போதுதான் படியேறி வந்திருக்க வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நெற்றியில் வியர்வை.

அத்தான் எப்போதுமே படிதான். "முட்டிக்கு நல்லது" என்பார். முட்டி ஒவ்வொரு படிக்கும் கதவு மாதிரி கிறீச்சிடும். உண்மை அக்காவுக்கும் சின்ன மேடத்துக்கும் மட்டும்தான் தெரியும். கல்யாணமான புதிதில் அக்காவும் அவரும் ஒரு லிஃப்டில் மாட்டிக்கொண்டார்களாம். கதவு திறக்கும்வரை அக்காவின் கையைப் பிசைந்து பிசைந்து வீங்கவே வைத்துவிட்டாராம் மாப்பிள்ளை. அன்றிலிருந்து அவர் எந்த லிஃப்டிலும் கால் வைத்ததில்லை. "லிஃப்ட் கம்பெனி முதலாளிக்கு லிஃப்டுன்னா பயம்னு வெளியே தெரிஞ்சா, நம்ம பொழைப்பு என்ன ஆகும்? மூச்சு விடாதேடி," என்று அக்கா சத்தியம் வாங்கியிருந்தாள்.

"யாரு அந்த ஆளு?" என்றார் அத்தான். "ஒரு குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் போன் பண்ணி என்னைக் காய்ச்சி எடுத்துட்டார். அவரு லிஃப்டுல மாட்டிக்கிட்டுக் கூப்பிட்டா, நம்ம ஆளு அவரோட பேச்சுல இலக்கணப் பிழை கண்டுபிடிச்சானாம்!"

"கதவுல கை வச்சாராமா சார் அவரு?"

"அது எனக்கு எதுக்கு? அந்த ஆளை எப்ப எடுத்தே? எனக்கு ஏன் சொல்லலை?"

"நான்... எடுக்கலை சார்."

"பின்னே?"

"போயிட்டு வாங்கன்னு சொன்னேன். வந்துட்டார்."

"நீ ஸ்டோர்ஸுக்குத்தான் சரி," என்றார் அத்தான்.

"அத்தான், ஒரு தடவை நீங்களே பேசிப் பாருங்க. ஒரே ஒரு தடவை. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

"சாயங்காலம் கூட்டிட்டு வா. அந்த ஆளுக்கும் உனக்கும் சேர்த்து இன்னிக்கே முடிவு பண்ணிடறேன். அப்புறம், ஆபீஸ்ல சார்."

கீழே வந்தவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பதற்றத்தில், ஆள் எடுப்பதில் ஊறிய அவளே யாரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தாள். எதிர்க்கட்சியிடம் போய், "இங்கே பாருங்க, முதலாளி கூப்பிடறார். அவரு என்ன சொன்னாலும் ஆமான்னு மட்டும் சொல்லுங்க. எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதீங்க. உங்க வேலையும் என் வேலையும் அதுலதான் இருக்கு," என்றாள்.

"ஒரு வார்த்தை கூடவா?"

"ஒரு வார்த்தை கூட."

"உங்க வேலையுமா?"

"என் வேலையும்தான்."

அவர் அவளைப் பார்த்தார். "அப்படின்னா சரிங்க மேடம்," என்றார். ஒரு வாரத்தில் அவர் முதன்முதலாகச் சொன்ன சரி அது.

சாயங்காலம் மேலே போனார்கள். அத்தான் நாற்காலியைக் காட்டினார். எதிர்க்கட்சி நுனியில் உட்கார்ந்தார்.

"உங்க பேச்சு கொஞ்சம் அதிகம்னு கேள்விப்பட்டேன்."

"ஆமாங்க."

"சங்கத்துச் செயலாளரை மட்டம் தட்டினீங்களாமே. அது தப்பு."

"தப்புதாங்க."

"லிஃப்டுல மாட்டினவங்ககிட்ட அன்பா, மெதுவா பேசணும்."

"பேசணுங்க."

சின்ன மேடம் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். எதிரே உட்கார்ந்திருப்பது யார்? ஆமாங்க, சரிங்க என்று ஒரு மண் பொம்மை. ஐயோ, சிங்கத்தை வேடிக்கை பார்க்க ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து, தானே அதன் வாயைக் கட்டிவிட்டேனே! தாங்க முடியாமல் நடுவில் புகுந்தாள்.

"சார், குடையை மடிச்சுத்தானே காய வைக்கணும்?"

அத்தான் விழித்தார். "குடையா?"

எதிர்க்கட்சியின் கழுத்து நரம்பு புடைத்தது. "மேடம் சொன்னா சரிதாங்க," என்றார். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அவர் படும் பாடு அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது.

அத்தான் அவள் பக்கம் திரும்பினார். அந்த மனிதருக்குக் கேட்குமே என்று கூட அவர் நினைக்கவில்லை. "இதுக்குத்தானா ஒரு வாரமா மூடி வச்சிருந்தே? சொன்னதுக்கெல்லாம் தலையாட்ட என்கிட்ட ஏற்கெனவே ஆள் இருக்கு. வெளியே போனா புகார், உள்ளே வந்தா பூனை. நாளைக்கே ஏஜென்சிக்குச் சொல்லிடறேன்." பிறகு எதிர்க்கட்சியைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, எல்லோரும் சொல்கிற மாதிரியே சொன்னார்: "சந்தோஷங்க. போயிட்டு வாங்க."

எதிர்க்கட்சி எழுந்தார். கதவு வரை போனார். கைப்பிடியில் கை வைத்தார். அப்படியே நின்றார்.

"மேடம், மன்னிச்சுக்கங்க," என்றார். திரும்பினார். "சார், போயிட்டு வாங்கன்னு சொன்னீங்களே, அதுல எது உத்தரவு? போறதா, வர்றதா?"

"என்னது?"

"நான் போகணுமா, வரணுமா?"

"போகணுங்க!"

"அப்ப வாங்கன்னு ஏன் சொன்னீங்க?"

"அது ஒரு மரியாதைங்க. யாராவது மூஞ்சிக்கு நேரா போங்கன்னு சொல்வாங்களா?"

"ஏன் சொல்லக் கூடாது? நாக்கு சுளுக்கிக்குமா?"

"என்னங்க பேசறீங்க? வீட்டுக்கு வந்தவங்களைப் போன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

"இது வீடு இல்லையே சார். ஆபீஸு."

"ஆபீஸா இருந்தா என்ன, மனுஷங்கதானே இருக்கோம்!"

"மனுஷன்னா பொய் சொல்லலாமா?"

"யாரு பொய் சொன்னது?" அத்தான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "எங்க அப்பாவும் இப்படித்தான் சொன்னார், அவங்க அப்பாவும் இப்படித்தான்..."

"அப்ப மூணு தலைமுறையா ஆளுங்களை ஏமாத்தியிருக்கீங்க."

"ஏங்க! நில்லுங்க! பதில் கேட்டுட்டுப் போங்க!"

எதிர்க்கட்சி நடையில் இறங்கி நடந்தார். அத்தான் விரலை ஆட்டிக்கொண்டே பின்னாலேயே போனார். சின்ன மேடம் வாயில் ஈ நுழைவது தெரியாமல் அவர்கள் பின்னால் போனாள். எதிர்க்கட்சி பொத்தானை அமுக்கினார். கதவு விலகியது. அவர் உள்ளே போய்த் திரும்பி நின்றார்.

"சரி, ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம் சார். உங்க மனைவி கடைக்குக் கிளம்பறாங்க. போயிட்டு வான்னு சொல்றீங்க. அவங்க வராம இருந்தா சும்மா இருப்பீங்களா?"

"அது வேற, இது வேற!"

"எப்படி வேற?"

"எப்படி வேறன்னா, நான் என்ன சொல்ல வர்றேன்னா," என்று கையை வீசிக்கொண்டே அத்தான் ஒரு எட்டு வைத்தார். இன்னொரு எட்டு வைத்தார். கதவு மூடிக்கொண்டது.

சின்ன மேடம் மூடிய கதவைப் பார்த்தாள். மேலே விளக்கில் எண் மாறியது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படியில் ஓடினாள்.

சுவருக்குள் இரண்டு குரல்களும் அவளோடு கூடவே இறங்கின. மூன்றாவது மாடியில், "அப்படின்னா வணக்கம்னு சொல்றதும் பொய்யா?" என்று அத்தான் கத்தினார். இரண்டாவது மாடியில், "யாரு சார் வணக்கத்தைப் பத்திப் பேசினது? பேச்சை மாத்தாதீங்க!" முதல் மாடியில் இருவரும் ஒரே நேரத்தில் பேசியதால் ஒன்றும் விளங்கவில்லை. பயந்த குரல் எதுவும் அதில் இல்லை என்பது மட்டும் விளங்கியது.

அவள் கடைசிப் படியில் கால் வைக்கும்போது கதவு திறந்தது. குயிலும் ஸ்பேனர் அண்ணனும் வேலையை விட்டுவிட்டு எழுந்து நின்றார்கள். அத்தான் முதலில் வந்தார். முகம் சிவந்திருந்தது. நெற்றியில் வியர்வை இல்லை. மூச்சு வாங்கவில்லை.

"உங்ககிட்ட செருப்பு வாங்க வந்தவங்க பாவம்!" என்றார், பின்னால் திரும்பி.

"அவங்க ஒருத்தருக்கும் கால் கடிக்கலை சார், கேட்டுப் பாருங்க!"

"கேட்கத்தான் போறேன்!"

சின்ன மேடம் செருப்பைக் கீழே போட்டாள். இடது வலது மாறி விழுந்தது. அதை அவள் கவனிக்கவில்லை.

"அத்தான்," என்றாள், இரைக்க இரைக்க. "இப்ப எதுல இறங்கி வந்தீங்க?"